மேரிலாந்தில் கனமான குழல் ரைஃபிள்: ‘எச்-பார்’ விலக்கைப் படிப்படியாகச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் சுடுவது) ஒன்றை வாங்கலாமா, கூடாதா என்பது பெரும்பாலும் அதன் குழல் கனமானதா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஆனால் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் ஒரு குழல் கனமானதாகும் என்று அந்த மாநிலத்தின் சட்டம் எங்கும் சொல்வதில்லை. எடையும் குறிப்பிடப்படவில்லை, அளக்க வேண்டிய இடமும் குறிப்பிடப்படவில்லை. சட்டத்தில் இருப்பது ஒரு நிறுவனத்தின் ஒரு மாதிரியின் பெயர் மட்டுமே: ‘கோல்ட் ஏஆர்-15 ஸ்போர்ட்டர் எச்-பார்’. ‘எச்-பார்’ என்பது கனமான குழலைக் குறிக்கத் தயாரிப்பாளர் சூட்டிய சுருக்கப் பெயர். எனவே மேரிலாந்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர் அளவுகோலை எடுப்பதற்கு முன் சட்ட நூலை எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. இது பொதுவான விளக்கம். குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியைப் பற்றிய ஐயத்தை மேரிலாந்து வழக்கறிஞர் ஒருவரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

மேரிலாந்தில் வாழும் தமிழர்களில் பலர் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. எச்-1பி, எஃப்-1 ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றின் எல்லையை வழக்கறிஞர் வழியே உறுதி செய்துகொள்ளாமல் நம்பி இறங்குவது குடியேற்ற வாழ்க்கையையே பணயம் வைப்பதற்குச் சமம். நிரந்தர வதிவிட அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. இந்தப் படியைத் தாண்ட முடியாதவருக்குக் கீழே உள்ளவை வெறும் அறிவுக்காக மட்டுமே.

இரண்டாம் படி: பட்டியலைப் படியுங்கள்

மேரிலாந்துச் சட்டத் தொகுப்பில் பொதுப் பாதுகாப்புப் பிரிவின் 5-101ஆம் உட்பிரிவில் நாற்பத்தைந்து வகை நீள்துப்பாக்கிகளின் பட்டியல் உள்ளது. ஏகே-47 எல்லா வடிவங்களிலும், எஃப்என் நிறுவனத்தின் எஃப்ஏஎல், கலில், ஊஸி கார்பைன், மடக்கும் கட்டை (துப்பாக்கியைத் தோளில் தாங்கும் பகுதி) கொண்ட ருகர் மினி-14 என்று அது நீள்கிறது. நமக்கு வேண்டிய வரி, கோல்ட் ஏஆர்-15, சிஏஆர்-15 ஆகியவற்றையும் அவற்றின் எல்லாப் போலிவடிவங்களையும் சேர்த்துவிட்டு, கோல்ட் ஏஆர்-15 ஸ்போர்ட்டர் எச்-பார் ரைஃபிளை மட்டும் வெளியே நிறுத்துகிறது. இந்தப் பொருளில் சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

இந்த வரி தடை ஒன்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று என்பதை அறிந்தால் இன்றைய குழப்பத்தின் வேர் புரியும். 2013க்கு முன்பு இந்தப் பட்டியலில் இருந்த ரைஃபிள்களை வாங்கத் தடை இருக்கவில்லை. அவை ‘ஒழுங்குபடுத்தப்பட்ட துப்பாக்கிகள்’ என்ற வகையில் வந்தன. மாநிலக் காவல் துறைக்கு விண்ணப்பம் கொடுத்து ஏழு நாள் காத்திருந்து வாங்கிக்கொள்ளலாம். எச்-பார் அந்தப் பட்டியலில் இல்லாததால், அதற்கு அந்த விண்ணப்பமும் காத்திருப்பும் தேவைப்படவில்லை. விலக்கின் பயன் அவ்வளவே. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு மேரிலாந்து சட்டமன்றம் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆளுநர் மார்ட்டின் ஓமாலி 2013 மே மாதத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டம் தனக்கென்று ஒரு பட்டியலை எழுதாமல் பழைய பட்டியலையே சுட்டிக்காட்டி, ‘இவை இனித் தாக்குதல் நீள்துப்பாக்கிகள், இவற்றை வாங்கவும் விற்கவும் மாநிலத்துக்குள் கொண்டுவரவும் கூடாது’ என்றது. காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக இருந்த ஒரு சிறு விலக்கு இப்படி ஒரே நாளில் தடைக்கும் அனுமதிக்கும் இடையிலான எல்லைக்கோடாக மாறியது. எல்லைக்கோட்டுக்கு வேண்டிய துல்லியத்தை அந்த வரிக்குக் கொடுக்க யாரும் முனையவில்லை என்பது என் கருத்து.

மீறினால் என்ன? குற்றவியல் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐயாயிரம் டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2013 அக்டோபர் 1க்கு முன்பே சட்டப்படி வைத்திருந்தவர்களும், அதற்கு முன்பே வாங்குவதற்கான ஆணையோ விண்ணப்பமோ கொடுத்திருந்தவர்களும் தொடர்ந்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பிற மாநிலத்திலிருந்து இப்போது குடிபெயர்ந்து வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை. டெக்சஸில் வாங்கிய மெல்லிய குழல் ஏஆர்-15ஐ வீட்டுச் சாமான்களோடு ஏற்றி வருவதே ‘மாநிலத்துக்குள் கொண்டுவருதல்’ ஆகிவிடும்.

மூன்றாம் படி: கையிலிருப்பது ‘போலிவடிவம்’ தானா என்று பாருங்கள்

கோல்ட் தவிர ஏராளமான நிறுவனங்கள் ஏஆர்-15 வடிவத்தில் ரைஃபிள் செய்கின்றன. அவற்றில் எது தடைப்பட்ட மாதிரியின் போலிவடிவம், அதாவது நகல், என்ற கேள்விக்கு, மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி 2010இல் வழங்கிய கருத்துரையும் அதே ஆண்டில் மாநிலக் காவல் துறை வெளியிட்ட சுற்றறிக்கையும்தான் இன்றுவரை வழிகாட்டுகின்றன. அவற்றின் சாரம் இது: தோற்றத்தில் ஒத்திருந்தால் மட்டும் போதாது, முழுமையாக இயங்குவதற்கு வேண்டிய உள்ளுறுப்புகளும் பட்டியலில் உள்ள துப்பாக்கியின் உறுப்புகளோடு முற்றிலும் மாற்றிப் பொருத்தத்தக்கவையாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நகல்.

இதனால் சில ரைஃபிள்கள் குழல் பற்றிய கேள்விக்கே வருவதில்லை. .22 ரிம்ஃபயர் (அடிப்பகுதியின் விளிம்பில் தட்டி வெடிக்கும்) தோட்டாவுக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்டு ஏஆர்-15 போலத் தோற்றமளிக்கும் ரைஃபிளின் உள்ளுறுப்புகள் வேறு. .308 தோட்டாவுக்கான பெரிய சட்டகம் கொண்ட ஏஆர்-10 வகைகளின் போல்ட்டும் (தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் உறுப்பு) அதைச் சுமக்கும் பகுதியும் அளவிலேயே பெரியவை, ஏஆர்-15இல் பொருந்தமாட்டா. மாறாக .223 அல்லது 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான வழக்கமான ஏஆர்-15 வடிவம் எந்த நிறுவனத்தின் முத்திரையைத் தாங்கினாலும் நகல் என்ற வரையறைக்குள் வந்துவிடும். அதைக் காப்பாற்றக்கூடியது எச்-பார் விலக்கு ஒன்றுதான்.

விலக்கில் கோல்ட் என்ற பெயர் இருக்கும்போது பிற நிறுவனங்களின் கனமான குழல் ரைஃபிள்கள் மேரிலாந்துக் கடைகளில் எப்படி விற்கப்படுகின்றன என்று கேட்கலாம். விலக்களிக்கப்பட்ட ஒன்றின் நகலைத் தடைப்பட்ட ஒன்றின் நகலாகக் கொள்ள முடியாது என்ற வாசிப்பே நடைமுறையில் உள்ளது. நியாயமான வாசிப்புதான். ஆயினும் அது வரியிலிருந்து ஊகித்துப் பெற்றதே தவிர, வரியில் எழுதியிருப்பதன்று. பட்டியலில் புஷ்மாஸ்டர் அரைத் தானியங்கி ரைஃபிள் தனி வரியாகவே இடம்பெற்றிருப்பதையும் அதற்கு அருகில் எச்-பார் விலக்கு எழுதப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெயருள்ள ரைஃபிளை வாங்க நினைப்பவர் கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு நிற்கலாகாது.

நான்காம் படி: குழலின் உருவத்தைப் புரிந்துகொண்டு அளவெடுங்கள்

சட்டம் அளவு சொல்லவில்லை என்றால் ஏன் அளக்க வேண்டும்? தயாரிப்பாளரின் பெயர்ப்பலகை சொல்வதும் கையிலுள்ள உலோகமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்காகத்தான். பழைய ரைஃபிள்களில் குழல் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம்; பெட்டியின் மேல் உள்ள பெயர் அதன்பின் எதையும் உறுதிப்படுத்தாது.

ஏஆர்-15 குழல்களில் அடிக்கடி காண்பவை மூன்று உருவங்கள். முதலாவது மெல்லிய குழல். அமெரிக்க இராணுவத்தின் தொடக்ககால எம்16 ரைஃபிள்களில் இருந்தது இதுவே. இரண்டாவது ‘கவர்ன்மென்ட் புரொஃபைல்’ எனப்படுவது. 1980களில் வந்த எம்16ஏ2 ரைஃபிளோடு பரவியது. இதில் முன் குறிமுனைக்கு வெளியே தெரியும் பகுதி தடிப்பாகவும், கைப்பிடிப்பு உறையான ஹேண்ட்கார்டுக்குள் மறைந்திருக்கும் பகுதி பழையபடி மெல்லியதாகவும் இருக்கும். எம்203 கையெறிகுண்டு ஏவியைப் பொருத்துவதற்கு அந்த மறைந்த பகுதி மெல்லியதாகவே இருக்க வேண்டியிருந்தது. எம்4 வகைக் குழலில் வெளியே தெரியும் தடித்த பகுதியிலும் அதே ஏவிக்காக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். மூன்றாவதுதான் கனமான குழல்: அறைப்பகுதியிலிருந்து முனை வரை, ஹேண்ட்கார்டுக்குள்ளும் வெளியிலும், எங்கும் மெல்லியதாகாமல் தடிப்பாகவே வருவது. சுடச் சுடக் குழல் சூடேறும். உலோகம் கூடுதலாக இருந்தால் மெதுவாகச் சூடேறும், அதிர்வும் குறையும், தொடர்ந்து சுடும்போது குண்டு விழும் இடம் நகர்வதும் குறையும். அதனால்தான் இது இலக்குப் போட்டியாளர்களின் விருப்பமாக இருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் நடப்பவர் இதை விரும்பமாட்டார்.

இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். துப்பாக்கியைக் கழற்றாமல் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது முன் குறிமுனைக்கு வெளியே உள்ள சில அங்குலங்கள்தான். அந்தப் பகுதியில் கவர்ன்மென்ட் புரொஃபைலும் கனமான குழலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும். கேஸ் பிளாக் என்ற வாயுக் கட்டை (சுடும்போது எழும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பிவிடக் குழலின் மேல் பொருத்தியிருப்பது) எந்த அளவில் இருக்கிறது என்பதையும் நம்ப முடியாது. சந்தையில் இது 0.625 அங்குலம் (15.9 மி.மீ.), 0.750 அங்குலம் (19.05 மி.மீ.), 0.936 அங்குலம் (23.8 மி.மீ.) என்ற மூன்று விட்டங்களில் கிடைக்கிறது. மெல்லிய குழலுக்கு முதலாவதும், ‘புல்’ எனப்படும் மிகத் தடித்த குழலுக்கு மூன்றாவதும் பொருந்தும். ஆனால் 0.750 அங்குலக் கட்டை கவர்ன்மென்ட் புரொஃபைலிலும் இருக்கும், கனமான குழலிலும் இருக்கும். எனவே வேறுபாட்டைக் காட்டும் இடம் ஹேண்ட்கார்டுக்குள் மறைந்திருக்கும் பகுதி மட்டுமே.

அளக்கும் முறை வருமாறு. தோட்டாக்களைத் தாங்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து நிறுத்தி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அறையில் தோட்டாக் கண்டறியப்பட்டால் அதை நீக்கிய பின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டு துண்டாகக் கழலும் பழைய வகை ஹேண்ட்கார்டை நீங்களே எடுக்கலாம். குழலைத் தொடாமல் சட்டகத்தோடு இறுக்கப்பட்ட நவீன வகையைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும் என்பதால் அதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது. பிறகு வெர்னியர் காலிபரால் மூன்று இடங்களில் விட்டத்தை எடுங்கள்: கேஸ் பிளாக்குக்குச் சற்றுப் பின்னால், ஹேண்ட்கார்டின் நடுப்பகுதி இருந்த இடத்தில், கேஸ் பிளாக்குக்கு முன்னால். சட்டகத்தை ஒட்டிய முதல் ஓரிரு அங்குலத்தை விட்டுவிடுங்கள். தோட்டா வெடிக்கும் அறை அங்கிருப்பதால் எல்லாக் குழல்களும் அங்கே தடிப்பாகவே இருக்கும். உள்ளே எடுத்த அளவு வெளியே எடுத்த அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் அது கனமான குழல் அன்று என்று சந்தேகியுங்கள். குழலின் மேல் பொறித்திருப்பதையும் அப்போதே பாருங்கள். தோட்டா வகை, முறுக்கு விகிதம் (குழலின் உட்புற வரிப்பள்ளங்கள் எவ்வளவு நீளத்தில் ஒருமுறை சுற்றுகின்றன என்பது) ஆகியவற்றோடு ‘எச்-பார்’ என்றும் பொறிக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. படம் எடுத்து வையுங்கள்.

நீளத்தையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடலாம். போல்ட்டை மூடிய நிலையில், முனையிலிருந்து துடைப்புக் குச்சியை உள்ளே விட்டு, அது போல்ட்டின் முகத்தைத் தொட்டதும் முனையில் அடையாளமிட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவைப்படும். முனையில் திருகிப் பொருத்திய கருவி, நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தாலன்றி, குழலின் நீளத்தில் சேராது.

ஐந்தாம் படி: குழலைத் தாண்டிப் பாருங்கள்

எச்-பார் விலக்கு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலுக்கு வெளியே ‘காப்பிகேட்’ ஆயுதம் என்று இன்னொரு வகையையும் தடை செய்கிறது. பட்டியலிலிருந்து விலக்குப் பெற்ற ரைஃபிள் இந்தச் சோதனையிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. கழற்றக்கூடிய மேகசினை ஏற்கும் அரைத் தானியங்கி சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் தட்டி வெடிக்கும் தோட்டாவுக்கான) ரைஃபிளில் மடக்கும் கட்டை, கையெறிகுண்டு அல்லது ஒளிக்குண்டு ஏவி, தீப்பிழம்பு அடக்கி ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டு இருந்தால் அது காப்பிகேட். மொத்த நீளம் 29 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அப்படியே. நிலையான மேகசின் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளுமானாலும் அப்படியே.

தீப்பிழம்பு அடக்கியோடு வரும் எச்-பார் ரைஃபிள் பிழையில்லை; பிறகு ஒருநாள் அதில் மடக்கும் கட்டையைப் பொருத்தினால் பிழையாகிவிடும். கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் கைத்துப்பாக்கி வடிவப் பிடியைப் பற்றிக் கவலைப்படுவதுண்டு. மேரிலாந்தின் மூன்று அம்சங்களில் அது இல்லை. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் கழற்றக்கூடிய மேகசின்களை மாநிலத்துக்குள் விற்கவோ வாங்கவோ கூடாது என்ற தனி விதியும் உண்டு.

ஆறாம் படி: காகிதங்களைச் சேருங்கள்

வரையறை அளவில் இல்லாமல் பெயரில் இருப்பதால், பெயரை நிறுவும் காகிதமே உங்கள் பாதுகாப்பு. மாதிரி எண்ணோடு ‘கனமான குழல்’ அல்லது ‘எச்-பார்’ என்று தெளிவாக எழுதிய ரசீது, தயாரிப்பாளரின் விவரத்தாள், குழலின் மேலுள்ள பொறிப்பின் படம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வையுங்கள். ரசீதில் வெறும் ‘ஏஆர்-15’ என்று எழுதிக் கொடுத்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். விவரத்தாளில் ‘நடுத்தரக் கனம்’ என்பது போன்ற சொற்கள் இருந்தால் வாங்குவதற்கு முன்பே மாநிலக் காவல் துறையின் உரிமப் பிரிவுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைத்த விளக்கத்தை நீதிமன்றத்தில் காட்ட முடியாது.

கடையில் வாங்கினால், வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சியின் 4473 படிவமும் உடனடிப் பின்னணிச் சோதனையும் உண்டு. தனியாரிடம் வாங்குவதென்றாலும், 2021 அக்டோபர் முதல் நீள்துப்பாக்கிகளின் கைமாற்றமும் பொதுவாக உரிமம் பெற்ற வியாபாரி வழியாகவே நடக்க வேண்டும்.

ஏழாம் படி: வாங்கிய பின் மாற்றங்களில் கவனம்

ஏஆர்-15இன் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் இரண்டு ஊசிகளால் மட்டுமே இணைந்திருக்கின்றன. குழலோடு கூடிய மேற்பகுதியைத் தனியாக வாங்கி ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அந்த மேற்பகுதி துப்பாக்கியே அன்று என்பதால் வாங்குவதும் எளிது. ஆனால் எச்-பார் விலக்கு முழு ரைஃபிளுக்கு உரியது. விலக்கோடு வாங்கிய கீழ்ப்பகுதியில் மெல்லிய குழல் கொண்ட மேற்பகுதியைப் பொருத்தினால், அந்தக் கணத்தில் அது விலக்கிழந்து நகலாகிவிடுகிறது என்றே வரியைப் படிக்க வேண்டும். இலகுவான குழல் வேண்டும் என்ற ஆசையில் செய்யப்படும் இந்த ஒரு மாற்றம்தான் மிக ஆபத்தானது. குழலின் எடையைக் குறைக்கக் கடைசல் பிடிப்பதும் இதே கேள்வியை எழுப்பும்.

எட்டாம் படி: சட்டம் எங்கே நிற்கிறது, எல்லைக்கு அப்பால் என்ன

மேரிலாந்துத் தடையை, அந்த மாநிலத்தை உள்ளடக்கிய கூட்டாட்சியின் நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2017இல் கோல்பி வழக்கிலும், 2024 ஆகஸ்டில் பியாங்கி வழக்கிலும் உறுதி செய்தது. பின்னதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 2 அன்று ஏற்க மறுத்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எதிர்த்து எழுதினார். நீதிபதி பிரெட் கவனா மறுப்புக்கு உடன்பட்டாலும், அடுத்த ஓரிரு பருவங்களில் நீதிமன்றம் ஏஆர்-15 கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். ஆகவே வாங்கும் நாளில் நிலைமையை மறுபடியும் பாருங்கள்.

பக்கத்து மாநிலமான டெலவேர் 2022இல் இயற்றிய தடையில் மேரிலாந்தின் பட்டியலையே பெரிதும் எடுத்துக்கொண்டது. எச்-பார் விலக்கும் சொல்லுக்குச் சொல் அதில் இருக்கிறது. கனெக்டிகட்டில் நிலைமை நேர் எதிர்: அங்கே தடைப்பட்டியலில் ‘கோல்ட் ஏஆர்-15 மற்றும் ஸ்போர்ட்டர்’ என்றே எழுதியிருக்கிறது, கனமான குழலுக்கு விலக்கில்லை. நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் ஏஆர்-15ஐ ஒரு வரிசையாகவே பெயர் சொல்லித் தடுக்கின்றன. குழலின் தடிமன் அங்கே பேச்சிலேயே இல்லை. மேரிலாந்தில் முழுக்கச் சட்டப்படி வாங்கிய எச்-பாரைக் காரில் வைத்துக்கொண்டு வடக்கே போகிறவர் நியூ ஜெர்சி எல்லையைக் கடக்கும்போது வேறொரு சட்டத்துக்குள் நுழைகிறார். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க அனுமதி இருந்து, துப்பாக்கி தோட்டா நிரப்பப்படாமல், துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து எட்டாத இடத்தில் இருந்தால், இடைப்பட்ட மாநிலத்தைக் கடந்து செல்லக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பின்பெட்டி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி கட்டாயம். முன்னிருக்கை அருகே உள்ள சிறு அறை அதற்கு ஆகாது. சேரும் இடமே நியூ ஜெர்சி என்றால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ரைஃபிளை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.